ஒன்றரை விநாடிச் சிரிப்பு

மனித குலத்தின் எதிர்காலத்தில் அக்கறை உள்ள அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய ஒரு செய்தி. இன்று, சனிக்கிழமை மாலைக்குள், முப்பது விநாடி நீளமுள்ள ஒரு விளம்பரப் படம், வணிகக் கல்லூரி ஒன்றின் சந்தைப்படுத்தல் துறையிடம் ஒப்படைக்கப்பட இருக்கிறது. இல்லாத ஒரு நிறுவனம் தயாரிக்காத ஒரு சாப்பாட்டு மேசையை, வாங்கப்போகாத மக்களிடம் விற்பது அந்தப் படத்தின் நோக்கம். இந்த மகத்தான பணிக்காக நான்கு மாணவர்கள் கொண்ட குழு ஒன்று ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் பாடுபட்டுவருகிறது. நால்வரில் பாடுபடுவது ஒருத்தி. மற்ற மூவருக்கும் ஓய்வு ஒழிச்சல் இல்லை என்பது உண்மைதான். அதற்குக் காரணம் வேறு.

அந்த ஒருத்தி, ஒரு மேலாளரின் மகள்.

மேலாளரை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மறக்க அவரும் விடமாட்டார். லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் கிளை மேலாளர். வீட்டுக்கு வந்தாலும் அதே பதவிதான். சட்டையைத்தான் கழற்றுவார், பதவியைக் கழற்றுவதில்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்தாளுநர். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள், இரட்டை டியூட்டி பார்த்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "எனக்கு ரொம்பக் களைப்பா இருக்குங்க. யார்கிட்டயாவது கொஞ்ச நேரம் பேசினாத் தேவலைன்னு இருக்கு" என்றாள்.

மேலாளர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பரிசீலிக்கலாம்" என்றார்.

மறுநாள் இரண்டு பைகளோடு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. அக்கா வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்பவர்களிடமெல்லாம் மேலாளர் "நிர்வாக வசதிக்கான தற்காலிக ஏற்பாடு" என்று விளக்கம் கொடுத்துவருகிறார். அவர் அலுவலகத்தில் தற்காலிகமாகப் போட்ட தகரக் கூரை ஒன்றின் கீழ்தான் இரண்டு பேர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றார்கள்.

*

மேசைமேல் லாப்டாப். லாப்டாப்பில் மேசை. படத்தின் கதாநாயகனான அதே மேசைமேல்தான் படத்தொகுப்பும் நடந்துகொண்டிருந்தது. நான்கு நாற்காலிகளில் ஒன்றில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் சார்ஜர். ஒன்றில் துவைத்து இன்னும் மடிக்காத துணி. நான்காவதில் இந்த வீட்டில் யாரும் எதையும் வைப்பதில்லை.

குழு அரட்டையில் காலையிலிருந்தே ஞான மழை.

'ஃபீல் பத்தலை' என்று எழுதியிருந்தான் டைரக்டர். டைரக்டர் என்பது முதல் கூட்டத்திலேயே அவன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். முடிசூட்டு விழாவுக்கு வேறு யாரும் வரவில்லை.

'மேசையே கதை சொல்ற மாதிரி வெச்சா? சும்மா ஒரு ஐடியா' என்று எழுதியிருந்தாள் ஐடியா. இவள் கொடுத்த ஐடியாக்களை வரிசையாக எடுத்திருந்தால் படம் மூன்றரை மணி நேரம் ஓடும்; அதில் இரண்டு யானை வரும்.

நான்காமவன் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பியிருந்தான். எதைக் கேட்டாலும் அதைத்தான் அனுப்புவான். அதனால் அவனுக்குக் கட்டைவிரல் என்றே பெயர். உடம்பின் மற்ற பாகங்களைக் கல்லூரியில் யாரும் அதிகம் பார்த்ததில்லை.

படப்பிடிப்பு இந்த வீட்டில் நடந்ததற்கும் காரணம் உண்டு. டைரக்டர் வீட்டில் மேசை புதுசு, கீறல் விழுந்துவிடும். ஐடியா வீட்டில் மேசை கிடையாது, ஐடியா மட்டும்தான். கட்டைவிரலைக் கேட்டபோது கட்டைவிரல் வந்தது. ஆனால் முகவரி வரவில்லை. கடைசியில், "உங்க வீட்டுல ரியலா ஒரு அப்பா அம்மா இருக்காங்கல்ல?" என்று டைரக்டர் கேட்டான். மகள் ஆமாம் என்றாள். இருந்தார்கள்தான், ஆளுக்கொரு வீட்டில்.

கதை இதுதான். கணவன் மேசையில் வந்து உட்கார்ந்து எதிரே பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். மனைவி நிமிர்ந்து பார்த்துச் சிரிக்கிறாள். மேசை. எழுத்து: 'குடும்பம் கூடும் இடம்.' முடிந்தது.

அப்பாவை ஒரு சனிக்கிழமை மதியம் எடுத்தார்கள். எதிர் நாற்காலிக்கு நேராக, மேசைமேல், பார்வைக்கு அடையாளமாக ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். மேலாளர் அந்தப் பாட்டிலைப் பார்த்து, வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்பதுபோல, "சாப்பிட்டியா!" என்றார். மறுபடி எடுத்தார்கள். கிளைகளின் செயல்பாட்டை விசாரிப்பதுபோலக் கேட்டார். மறுபடி, மறுபடி. கடைசியில் நடித்து நடித்துச் சோர்ந்துபோய், நடிக்க மறந்து, தாழ்ந்த குரலில் பாட்டிலிடம், "சாப்பிட்டியா?" என்றார். கேமராவுக்குப் பின்னால் நின்ற மகளுக்குத் திக்கென்றது. அந்தக் குரல் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

அம்மாவை அடுத்த வாரம், ஞாயிறு காலை, அப்பா ஒரு கட்டடத்தில் லிஃப்ட் சோதனைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எடுத்தார்கள். அந்த நேரத்தைக் கண்டுபிடித்து ஏற்பாடு செய்ததும் மகள்தான். அன்றைக்குப் பாட்டில் கிடைக்கவில்லை. டைரக்டரே அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்வைக்கு இலக்கானான். அம்மா அவனைப் பார்த்துச் சிரித்தாள்; கவுன்டரில், 'சில்லறை இல்லையா சார்?' என்று கேட்கும்போது சிரிக்கும் சிரிப்பு. "ஆன்ட்டி, உள்ளேயிருந்து வரணும்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டியபடி டைரக்டர் ஆவேசமாக எழுந்தான். மேசைக்கு மேலே தொங்கும் விளக்கில் ணங்கென்று தலையை இடித்துக்கொண்டான். அம்மா சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முதலில் கண் சிரித்தது. அப்புறம் உதடு தோற்றுப்போனது.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை விநாடியைத்தான் மகள் எடுத்து அப்பாவின் கேள்விக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள்.

ஒட்டினால் போதுமா? அப்பாவின் மதிய வெயில் மஞ்சள், அம்மாவின் காலை வெளிச்சம் வெளுப்பு. இரண்டையும் ஒரே பொழுதாக மாற்றினாள். அப்பா பேசும்போது பின்னணியில் ஃபிரிட்ஜ் உறுமியது. அம்மாவை எடுத்தபோது சத்தம் வேண்டாமென்று ஃபிரிட்ஜை அணைத்திருந்தார்கள். அதனால் அம்மா அமைதியில் சிரித்தாள், அப்பா உறுமலில் கேட்டார். இருவரும் வேறு வேறு வீட்டில் இருப்பதைக் காது கண்டுபிடித்துவிட்டது. மகள் ஃபிரிட்ஜின் உறுமலைத் தனியாக வெட்டியெடுத்து அம்மாவின் சிரிப்புக்கு அடியில் நீட்டிப் போட்டாள்.

இப்போது கேட்டால், ஒரே வீடு.

போட்டுப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். படத்தொகுப்பில் ஒரு வேலையும் மிச்சமில்லை. இருந்தும் ஏதோ சரிபார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மறுபடியும் போட்டாள். அந்த அறையில் அவள் முகத்தைப் பார்க்க ஆளில்லை.

*

"என்ன முன்னேற்றம்?"

மேலாளர் வந்து பின்னால் நின்றார். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால். பழுதான லிஃப்டைப் பார்வையிடும் தோரணை.

"முடிஞ்ச மாதிரிதான்ப்பா."

"நான் வர்ற இடத்தைப் போடு."

"முப்பது செகண்ட்தான்ப்பா மொத்தமே. எல்லா இடத்துலயும் நீங்கதான் வர்றீங்க."

"அப்ப முழுசாவே போடு."

போட்டாள். "காலர் சரியா நிக்கலை" என்றார். "வெளிச்சம் இந்தப் பக்கத்திலேர்ந்து வந்திருக்கணும்" என்றார். கல்லூரி நாட்களில் ஒரு நாடகத்தில் காவல்காரனாக வந்து போனதிலிருந்து கலைத்துறையில் அவருக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு.

திரையில் அவர், "சாப்பிட்டியா?" என்றார்.

திரையில் அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

மேலாளரின் கைகள் முதுகிலிருந்து முன்னால் வந்தன. "இன்னொரு தரம்" என்றார்.

இன்னொரு தரம் போட்டாள். துணி குவிந்திருந்த நாற்காலியை இழுத்து, துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னும் ஒரே ஒரு தரம்."

"அப்பா, நான் அனுப்பணும்..."

"இதை எப்ப எடுத்தீங்க? அம்மாவை."

"போன ஞாயித்துக்கிழமை. நீங்க வெளியில போயிருந்தப்ப."

"நான் பேசினது அதுக்கு முந்தின வாரம்."

"ஆமா."

மேலாளர் கணக்கைப் போட்டு முடித்தார். அவர் அலுவலகத்தில் எந்தக் கடிதத்துக்கும், மூலக் கடிதத்தைக் காட்டாமல் யாரிடமும் பதில் வாங்கும் வழக்கம் கிடையாது. முதலில் கடிதம், பிறகு பதில். பதில் வந்திருக்கிறது என்றால் கடிதத்தைப் படித்தாகிவிட்டது என்று அர்த்தம். முப்பது வருஷ அனுபவம்.

"அப்ப நான் பேசினதைப் போட்டுக் காட்டியிருக்கீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் சிரிச்சிருக்கா."

மகளுக்கு ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். ஆனால் மேலாளரின் முகத்தில் அப்போது பதவி இல்லை. மடியில் துவைத்த துணியோடு, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் வெறும் மனிதர் ஒருவர் இருந்தார்.

"அதெல்லாம் எடுக்கறதுக்கு ஒரு முறை இருக்குப்பா" என்றாள்.

"இருக்கும், இருக்கும். முறை இல்லாம எப்படி?" என்று மேலாளர் எழுந்தார். இரண்டு அடி போய்விட்டுத் திரும்பினார். "நான் நல்லாத்தான் கேட்டிருக்கேன், இல்ல?"

"நல்லாக் கேட்டீங்கப்பா."

உள்ளே போனார். சற்று நேரத்தில் குளியலறையில் சவரக் கத்தியின் சத்தம் கேட்டது. சனிக்கிழமைகளில் அவர் சவரம் செய்வதில்லை. தாடி தொடர்பான அலுவல்களுக்கு அன்று விடுமுறை.

*

டைரக்டர் போன் செய்தான்.

"பார்த்தேன். நல்லா இருக்கு. ஆனா நல்லா இல்ல."

"எது?"

"அந்த ஆன்ட்டி சிரிக்கறது. ஒன்றரை செகண்ட் அங்கேயே போயிடுது. அது மேசைக்கு உண்டான டைம். சிரிப்பைத் தூக்கிட்டு மேசையோட க்ளோஸ்-அப் போடு. மரத்தோட ரேகை தெரியணும்."

"அது மரமே இல்ல. பலகை மேல ஒட்டின ஷீட்டு."

"அந்த ரேகைதான் சொல்றேன்."

"அந்த ஆன்ட்டி எங்க அம்மா."

"தெரியுமே. ஆன்ட்டி சூப்பர். ஆனா நாம விக்கறது மேசையை. உங்க அம்மாவை இல்ல."

பட்டம் சூட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் பேசியதிலேயே சரியான வாக்கியம் அதுதான். அதனாலேயே அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒருத்தர் சாப்பிட்டியான்னு கேக்கறார். பதிலுக்கு மேசையைக் காட்டினா என்னடா அர்த்தம்?"

"பவர்ஃபுல்லா இருக்கும்."

"யாருக்கு?"

இந்த நேரத்தில் மேலாளர் அறை வாசலில் தலையை நீட்டி, "அம்மாவுக்கு இன்னிக்கு என்ன டியூட்டி?" என்றார்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "பகல் டியூட்டிப்பா" என்றாள் மகள். டைரக்டர் எதிர்முனையில், உலகத் தரம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தான். உலகம் அதைக் கேட்டிருந்தால் தரத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். அவன் ஓய்ந்து போனை வைத்த பிறகுதான் அவளுக்கு வாசல் கதவு சாத்தப்பட்ட சத்தம் நினைவில் வந்தது. கூடவே இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசனையும்.

அப்பாவைக் கூப்பிட்டாள். ஃபிரிட்ஜின் தலையில் அப்பாவின் போன் அடித்தது. அம்மாவுக்கு அடித்துப் பயனில்லை. கவுன்டரில் இருக்கும்வரை போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது மருந்தகத்தில் விதி.

ஓடினால் பஸ் நிறுத்தத்திலேயே அப்பாவைப் பிடித்துவிடலாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள்.

ஒருவேளை, போய் நிற்கிறவரைப் பார்த்து அம்மா உண்மையாகவே சிரித்துவிட்டால்?

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

*

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் எல்லாவற்றுக்கும் டோக்கன். மேலாளரும் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வரிசையில் நின்றார். வரிசையில் நிற்பது அவருக்குப் புதிது. முன்னால் நின்றவரிடம், இந்த ஏற்பாட்டில் உள்ள குறைபாடுகளை எடுத்துச் சொன்னார். முன்னால் நின்றவருக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

கவுன்டரில் தடித்த கண்ணாடி. அடியில் மருந்து நீட்ட ஒரு சிறு துவாரம். உள்ளே இருப்பவர் பேச மைக் உண்டு. அது வெளியே ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்கும். வெளியே இருப்பவருக்கு மைக் கிடையாது. துவாரத்துக்குக் குனிந்து பேச வேண்டும். கேட்பதற்கும் அப்படித்தான், மைக் வேலை செய்யாத நாட்களில்.

"மருந்துச் சீட்டு?" என்றது ஒலிபெருக்கி. உள்ளே இருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை.

மேலாளர் நிமிர்ந்தபடியே ஏதோ சொன்னார்.

"குனிஞ்சு பேசுங்க" என்றது ஒலிபெருக்கி. கூடமே மேலாளரைப் பார்த்தது.

குரலை எங்கோ கேட்டதுபோலத் தோன்றி அவள் நிமிர்ந்தாள். கை அப்படியே நின்றது. மேலாளர் கால்வாசி குனிந்தார்.

"வீடியோ பார்த்தேன்."

"எந்த வீடியோ?" ஒலிபெருக்கி.

"மேசை வீடியோ. நான் கேட்டதுக்கு... நீ சிரிச்சதை."

"நான் எப்ப சிரிச்சேன்?"

பின்னால் இருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "யாரு சிரிச்சாங்களாம்?" என்று விசாரித்தார். "தெரியலைங்க, அந்தம்மா சிரிக்கலைங்கறாங்க" என்று பதில் வந்தது.

மேலாளர் விறைப்பானார். நிமிர்ந்தார். வரும் வழியெல்லாம் தயாரித்திருந்த வாக்கியத்தை எடுத்தார். "அந்தத் தற்காலிக ஏற்பாட்டை மறுபரி..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லின் வாசலிலேயே நின்றுவிட்டார். அவ்வளவும் கண்ணாடியில் பட்டு அவருக்கே திரும்பி வந்தது. அவள் காதுக்குப் போகவில்லை.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. தாடையில் புது வெட்டு. அதன்மேல் ஒட்டிய காகிதத் துணுக்கை எடுக்க மறந்திருந்தார்.

கையை நீட்டி மைக்கை அணைத்தாள். துவாரத்தின் பக்கமாக முன்னால் சாய்ந்து பேச ஆரம்பித்தாள்.

ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை இல்லை. நாலைந்து வாக்கியம் இருக்கும். நடுவில் ஒருமுறை நிறுத்தி, கண்ணை மூடித் திறந்து, மறுபடி சொன்னாள். இரண்டு மாதமாக இல்லை, பல வருஷமாக அடுக்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பவள்போல நிதானமாகச் சொன்னாள். மேலாளர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இடுப்பை வளைத்து, காதைத் துவாரத்தில் வைக்க வேண்டும்.

பின்னால் முழு வரிசை. அதில் ஒருவன் அவர் கம்பெனியின் பெயர் போட்ட பையை வேறு வைத்திருந்தான். கிளை மேலாளர் ஒருவர் ஊர் பார்க்கத் துவாரத்தில் காதை வைப்பதா?

உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவை நின்றதும், எல்லாவற்றையும் கேட்டு உள்வாங்கியவரின் கம்பீரத்தோடு தலையை ஆட்டினார்.

அவள் திகைத்தாள். 'நிஜமாகவா?' என்பதுபோல ஏதோ சுருக்கமாகக் கேட்டாள். மேலாளர் இன்னும் அழுத்தமாக ஆட்டினார்.

மைக் மீண்டும் உயிர்பெற்றது. "அடுத்த டோக்கன்." அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. ஒலிபெருக்கி பழசு என்று கூடம் நினைத்துக்கொண்டது.

"முடிஞ்சுதா சார்?" என்றார் பின்னால் நின்றவர்.

"சுமுகமா முடிஞ்சுது" என்றார் மேலாளர்.

*

சாப்பாட்டு இடைவேளையில் அம்மா போன் செய்தாள்.

"அதை அனுப்பு. பார்க்கறேன்."

எதை என்று மகள் கேட்கவில்லை. அனுப்பினாள். நடுவில் வந்த மௌனம் முப்பது விநாடியைவிட நீளமாக இருந்தது. அம்மாவும் இரண்டாவது தரம் போட்டுப் பார்க்கிறாள்.

"அது அந்தப் பையன் தலையை இடிச்சுக்கிட்டப்ப எடுத்ததுதானே?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நல்லா ஒட்டியிருக்கே!"

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு. அதான் எடுத்துடுன்னு சொல்றேன்."

"அம்மா, இது சும்மா கல்லூரிக்கு. எங்க சார் ஒருத்தர்தான் பார்ப்பார். அவரும் பாதியிலேயே..."

"உங்க அப்பா பார்த்துட்டாரே. நான் சிரிக்காததை நான் சிரிச்சேன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கறார். கண்ணு, பொய்க்கு ஒரு முகம் வேணும்னா வேற யார் முகத்தையாவது எடுத்துக்கோ."

மகள் திரையைப் பார்த்தாள். அம்மாவின் கண் சிரிக்க ஆரம்பித்த இடத்தில் படம் நின்றிருந்தது.

"இதை எடுத்தா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற இடமே இல்லாமப் போயிடும்மா."

"இப்ப மட்டும் சேர்ந்தா இருக்கோம்?"

மகள் படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள்.

"எடுத்தா உனக்கு மார்க் குறையுமா?" என்றாள் அம்மா, மெதுவாக.

"குறையாது. டைரக்டருக்கும் அதை எடுக்கணுமாம்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதைச் சொல்ல மகளுக்குத் தெரிந்திருந்தால் அவள் விளம்பரப் படம் எடுத்திருக்க மாட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

"சாப்பிட்டியா?"

"ம். சாப்பிட்டேன்." அடுப்படி காலையிலிருந்து விளக்குப் போடாமல் கிடந்தது. "அம்மா... அப்பாகிட்ட என்ன சொன்னே?"

"அவரையே கேளு. சரின்னு ரெண்டு தடவை தலையாட்டிட்டுப் போனார். இவ்வளவு சுலபமா ஒத்துக்குவார்னு நான் எதிர்பார்க்கலை." யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். "வெச்சிடறேன். அதை எடுத்துடு."

மகள் சிரிப்பின் இரண்டு பக்கமும் வெட்டினாள். அழிக்கும் பொத்தானை அழுத்த விரல் கொஞ்சம் யோசித்தது, பிறகு அழுத்தியது. அந்த இடத்தில் ஒன்றரை விநாடி கறுப்பு. கறுப்பின் அடியில் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதன்மேல் மேசையின் க்ளோஸ்-அப்பை இழுத்துப் போட்டாள்.

குழுவுக்கு அனுப்பினாள். 'இதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்லிட்டு இருந்தேன், செம' என்றான் டைரக்டர். 'மேசைக்கு ஒரு உயிர் வந்துடுச்சு, என் ஐடியாவும் அதான்' என்றாள் ஐடியா. கட்டைவிரலிடமிருந்து வழக்கமான அவயவம் வந்தது.

*

மேலாளர் திரும்பி வந்தபோது, மகள் படத்தைக் கல்லூரித் தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நீலக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது.

"பேச்சுவார்த்தை நல்ல சூழ்நிலையில நடந்துது" என்று அறிவித்தார். "பரஸ்பரம் புரிஞ்சுக்கிட்டோம்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சாதகமாத்தான்."

"என்ன வார்த்தை சொன்னாங்கப்பா?"

"வார்த்தையா முக்கியம்?" என்றபடி துணி நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த இடத்தைப் போடு."

போட்டாள். திரையில் அவர், "சாப்பிட்டியா?" என்றார். மேசையின் ரேகைகள் மெல்ல நகர்ந்தன. எழுத்து வந்தது. முடிந்தது.

"இவ எங்க?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அம்மா எடுக்கச் சொன்னாங்க." மகள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க பேசினதை நான் அம்மாவுக்குக் காட்டவே இல்ல. அம்மா உங்களைப் பார்த்துச் சிரிக்கலை. டைரக்டர் இந்த விளக்குல தலையை இடிச்சுக்கிட்டான். அதைப் பார்த்துச் சிரிச்சாங்க. நான்தான் வெட்டி உங்க பக்கத்துல ஒட்டினேன். காலையிலேயே சொல்லியிருக்கணும். சொல்லலை."

மேலாளர் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார். அது அசையாமல் தொங்கியது.

"பலமா இடிச்சுதா?"

"கொஞ்சம் வீங்கிப்போச்சு."

"ஐஸ் வெச்சீங்களா?"

"அம்மா வெச்சாங்க."

"ம்" என்றார். தாடையைத் தடவியபோது அந்தக் காகிதத் துணுக்கு கையோடு வந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா கேட்டதுக்கு சரின்னு தலையாட்டினீங்களாமே? எதுக்குச் சரின்னு சொன்னீங்க?"

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"கேக்கலை."

"என்னது?"

"மைக்கை அணைச்சுட்டா. காதை வெச்சாத்தான் கேக்கும். பின்னாடி அத்தனை ஜனம் நின்னுச்சு."

"அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேளுங்கப்பா."

"என்னன்னு கேக்கறது?" மேலாளரின் குரல் பாட்டிலிடம் பேசிய அந்தத் தாழ்ந்த குரலாக இருந்தது. "எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு அவகிட்டயே எப்படிம்மா கேக்கறது?"

இருவரும் திரையைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

கோப்பு வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது என்று வந்தது.